தருமபுரி மாவட்டத்தில் இரும்புக் கைக்கருவிகள்

தருமபுரி மாவட்டத்தில் இரும்புக் கைக்கருவிகள் என்பது தமிழ்நாட்டின் தருமபுரி மாவட்டத்தில் உழவு, கல்லுடைத்தல், தச்சு முதலிய தொழில்களுக்குப் பயன்படும் கருவிகள், அவற்றைச் செய்யும் முறை, அவற்றின் தரம் ஆகியவற்றைப் பற்றிய கட்டுரையாகும். மின்சாரமோ எரிபொருளோ இன்றி, மனிதரின் கைவலிமையால் மட்டும் இயங்குவது கைக்கருவி எனப்படும். இக்கருவிகள் ஒரு காலத்தில் ஊர்க்கொல்லரின் பட்டறையில் செய்யப்பட்டன. இன்று அவற்றுள் பெரும்பகுதி வட இந்தியாவிலோ சீனாவிலோ செய்யப்பட்டுக் கடைகளுக்கு வருகின்றது. இம்மாற்றத்தால் கருவிகளின் தரம் குறைந்துவிட்டதா, குறைந்தது எனில் ஏன் என்பன உலகின் பல பகுதிகளிலும் எழுப்பப்படும் வினாக்களாகும்.

வரலாறு

தருமபுரியின் பழைய பெயர் தகடூர். சங்ககாலத்தில் இது அதியமான் நெடுமான் அஞ்சியின் தலைநகராக விளங்கியது. புறநானூற்றின் 95ஆம் பாடல், ஔவையார் அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்றபோது பாடியதாகும். தொண்டைமானின் படைக்கலங்கள் நெய் பூசப்பட்டு அழகாக வைக்கப்பட்டுள்ளன; அதியமானின் படைக்கலங்களோ போரில் நுனி முறிந்து, செப்பனிடுவதற்காகக் கொல்லரின் சிறு குடிலில் கிடக்கின்றன என்பது அதன் கருத்து. பயன்படும் கருவி தேயும், முறியும், மீண்டும் கொல்லரிடம் செல்லும் என்னும் நடைமுறை அக்காலத்திலேயே இருந்ததை இப்பாடலால் அறியலாம்.

இப்பகுதியின் இரும்புப் பயன்பாடு சங்ககாலத்திற்கும் மிக முற்பட்டது. தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2 அன்று சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. 2004 பெப்ரவரி 9 அன்று அதிலிருந்து கிருட்டிணகிரி மாவட்டம் பிரிந்தது. அவ்வாறு பிரிந்த பகுதியில் உள்ள மயிலாடும்பாறை என்னும் ஊரின் அகழாய்வில் கிடைத்த மாதிரிகள், அங்கு இரும்பு கி.மு. 2172 அளவிலேயே பயன்பாட்டில் இருந்ததைக் காட்டுவதாகத் தமிழ்நாடு அரசு 2022 மே மாதம் அறிவித்தது.

சேலம் பகுதியில் காந்த இரும்புத்தாது மிகுதி. இத்தாதை விறகுக்கரியுடன் சிறு உலைகளில் உருக்கி இரும்பும், மூசைகளில் இட்டு உருக்கும் செய்யப்பட்டன. மூசை உருக்கு ஐரோப்பாவில் 'ஊட்ஸ்' என்னும் பெயரால் அறியப்பட்டது. மைக்கேல் பாரடேயும் கத்தித் தொழிலர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டும் 1819ஆம் ஆண்டை ஒட்டி இதனை ஆராய்ந்தனர்.

கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றிய ஜோசையா மார்ஷல் ஹீத், சேலம் தாதைக் கொண்டு 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். விறகுக்கரித் தட்டுப்பாடும் பணமுடையும் அதனை முடக்கின. 19ஆம் நூற்றாண்டில் நிலக்கரியால் மலிவாக உருக்கப்பட்ட ஐரோப்பிய இரும்பு கப்பல்களில் வந்திறங்கியது. உள்ளூர் உலைகள் படிப்படியாக அணைந்தன. ஆகவே தொலைவிலிருந்து வரும் மலிவுப் பொருள் உள்ளூர்ப் பொருளை வெளியேற்றுவது இப்பகுதிக்குப் புதிதன்று. எனினும் அம்முறை மாறியது மூலப்பொருள் மட்டுமே. இறக்குமதி இரும்பைக் கொண்டும் ஊர்க்கொல்லரே கருவியைச் செய்தார்.

கருவிகளும் கொல்லரும்

மண்வெட்டி, களைக்கொத்து, கருக்கரிவாள், கொடுவாள், கோடாலி, கடப்பாரை, ஏர்க்கொழு ஆகியன இம்மாவட்ட உழவரின் முதன்மைக் கருவிகள். கேழ்வரகு அறுவடை, பட்டுப்புழு வளர்ப்புக்கான மல்பெரிக் கிளை வெட்டு, மாந்தோப்புப் பணி ஆகியவற்றுக்கு ஏற்ப அரிவாளின் வளைவும் எடையும் வேறுபடும். கருங்கல் உடைப்போர் சம்மட்டி, உளி, ஆப்பு ஆகியவற்றைப் பயன்படுத்துகின்றனர். கல் உளியின் முனை விரைவில் மழுங்குவதால் அதனை அடிக்கடி காய்ச்சி அடித்துக் கூராக்குதல் வேண்டும்.

கொல்லர் கருவியைச் செய்வதோடு அதனைப் பராமரித்தும் வந்தார். தேய்ந்த கொழுவுக்கு இரும்பு சேர்ப்பதும், அரிவாளுக்குக் கருக்கு வைப்பதும் அவர் பணிகள். பல ஊர்களில் இப்பணிக்கு அறுவடைக் காலத்தில் தானியமே ஊதியமாக அளிக்கப்பட்டது. செய்தவரும் பயன்படுத்துபவரும் ஒரே ஊரினர் என்பதால், அரிவாள் மடங்கினால் மறுநாளே அது செய்தவரின் கைக்குத் திரும்பிவிடும். எழுதப்படாத இந்த உத்தரவாதமே அன்றைய தரக்கட்டுப்பாடாக இருந்தது.

தரத்தை முடிவு செய்பவை

ஒரு வெட்டுக்கருவியின் தரம் மூன்று கூறுகளைச் சார்ந்தது.

முதலாவது உருக்கின் வகை. கரிமம் 0.25 விழுக்காட்டிற்குக் குறைவாக உள்ள மென்னிரும்பு எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் போதிய கடினம் பெறாது. வெட்டும் கருவிக்குப் பொதுவாக 0.5 முதல் 0.9 விழுக்காடு வரை கரிமம் தேவை. இன்றைய கொல்லர் பழைய லாரிப்பட்டைகளை விரும்பிப் பயன்படுத்துவதற்குக் காரணம், அவை ஏறக்குறைய 0.5 முதல் 0.6 விழுக்காடு கரிமம் கொண்ட வில்லுருக்கு என்பதே.

இரண்டாவது வெப்பப் பதனிடல். உருக்கை ஏறத்தாழ 800 பாகை செல்சியசுக்குச் செந்நிறமாகக் காய்ச்சி, நீரிலோ எண்ணெயிலோ திடீரெனக் குளிரவைப்பது தோய்ச்சல் எனப்படும். இதனால் உருக்கு மிகுந்த கடினம் பெறும். ஆனால் கண்ணாடி போல் நொறுங்கவும் கூடும். ஆகவே அதனை மீண்டும் 200 முதல் 300 பாகை வரை மெல்லச் சூடாக்கிப் பதப்படுத்துவர். அப்போது தேய்த்த பரப்பில் முதலில் வைக்கோல் நிறமும், பின் செம்பழுப்பும், இறுதியில் நீலமும் தோன்றும். வைக்கோல் நிறத்தில் நிறுத்தினால் கூர் நீடிக்கும். நீலத்தில் நிறுத்தினால் உறுதி மிகும். கொல்லர் இந்நிறங்களைக் கண்ணால் கண்டே பதத்தை அறிவார்.

மூன்றாவது வடிவமைப்பு. காம்பு செருகும் துளையின் அளவு, தகட்டின் தடிப்பு, எடைப் பகிர்வு ஆகியன இதில் அடங்கும்.

இவற்றுள் முதல் இரண்டும் கண்ணுக்குப் புலப்படாதவை. வண்ணமும் மெருகும் பூசிய பின், நன்கு பதமிட்ட அரிவாளும் பதமே இடாத அரிவாளும் கடையில் ஒன்றுபோலவே தோன்றும். வாங்குபவரால் தரத்தைக் காண இயலாத சந்தையில் நல்ல பொருள் உரிய விலை பெறாமல் வெளியேறிவிடும் என்பதைப் பொருளியலாளர் ஜார்ஜ் ஏகர்லாஃப் 1970இல் விளக்கினார். கைக்கருவிச் சந்தைக்கு இவ்விளக்கம் நன்கு பொருந்துகின்றது.

தொலைதூர உற்பத்தி

இந்தியாவில் ஆலைக் கருவிகள் புதியன அல்ல. ஜம்சேத்பூரின் டாட்டா அக்ரிகோ 1920களிலிருந்து மண்வெட்டி, கடப்பாரை முதலியவற்றைச் செய்து வருகின்றது. தப்பாரியா நிறுவனம் ஸ்வீடன் நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்ப ஒத்துழைப்புடன் 1969இல் கைக்கருவி உற்பத்தியைத் தொடங்கியது. பஞ்சாபின் ஜலந்தர், லூதியானா, ராஜஸ்தானின் நாகௌர் ஆகியன கைக்கருவித் தொழிலின் மையங்கள். இத்தொழிலுக்கென மைய அரசு 1983இல் ஜலந்தரில் ஒரு நிறுவனத்தை அமைத்தது.

2001 ஏப்ரலில் இந்தியா எஞ்சியிருந்த இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகளுள் பெரும்பாலானவற்றை நீக்கியது. அதே ஆண்டு திசம்பரில் சீனா உலக வணிக அமைப்பில் சேர்ந்தது. அதன்பின் திருப்புளி, குறடு, சுத்தியல் முதலிய சீனக் கருவிகள் சிற்றூர்க் கடைகள் வரை பரவின.

இதே மாற்றம் மேலை நாடுகளிலும் நிகழ்ந்தது. அமெரிக்காவின் சியர்ஸ் நிறுவனம் 1927இல் அறிமுகம் செய்த கிராஃப்ட்ஸ்மேன் கருவிகள் வாழ்நாள் உத்தரவாதத்தால் புகழ்பெற்றவை. பின்னர் அவற்றின் உற்பத்தியில் பெரும்பகுதி ஆசியாவுக்கு மாறியது. 2017இல் அவ்வணிகப்பெயரை வாங்கிய ஸ்டான்லி பிளாக் அண்டு டெக்கர், டெக்சசில் தானியங்கி ஆலை அமைத்து உற்பத்தியைத் தாயகம் கொண்டுவர முயன்றது. அம்முயற்சி வெற்றி பெறவில்லை. ஆலை மூடப்படும் என 2023இல் அறிவிக்கப்பட்டது. மேலை நாட்டவர் 'அயல்நாட்டுக் கருவி' என்று குறைகூறுபவற்றுள் இந்தியக் கருவிகளும் உண்டு என்பது குறிப்பிடத்தக்கது.

தரக்குறைவின் வடிவங்கள்

- உருக்குக்கு மாற்றாக மென்னிரும்புத் தகட்டைப் பயன்படுத்துதல். இத்தகைய கருவி தீட்டியவுடன் வெட்டும், விரைவில் மழுங்கும்.
- அடித்து உருவாக்குவதற்கு மாற்றாக வார்த்தல். தரங்குறைந்த வார்ப்பு அதிர்ச்சியில் உடையும்.
- வெப்பப் பதனிடலைக் குறைத்தல் அல்லது தவிர்த்தல். எரிபொருளும் நேரமும் மிச்சமாவதால் இதுவே எளிதில் கைவிடப்படும் படிநிலை.
- குரோமியப் பூச்சினால் குறைகளை மறைத்தல்.
- புகழ்பெற்ற பெயர்களைப் போலியாகப் பொறித்தல்.
- பழுதுபார்க்க இயலாத வடிவமைப்பு. பற்கள் மட்டும் மிகைக் கடினமாக்கப்பட்ட கைவாள் நன்றாகவே அறுக்கும். ஆனால் மழுங்கிய பின் அரத்தால் கூராக்க முடியாது.

மாற்றுக் கருத்துகள்

பழைய கருவிகள் அனைத்தும் சிறந்தவை என்னும் கருத்து முழுமையானதன்று. மோசமான பழைய கருவிகள் முன்பே உடைந்து அழிந்தன. நல்லவையே எஞ்சி நம் பார்வைக்குக் கிடைக்கின்றன. கண்ணால் நிறம் பார்த்துப் பதமிடும் முறையில் ஒரே கொல்லரின் இரு அரிவாள்கள் வேறுபடக்கூடும். வெப்பநிலை கட்டுப்படுத்தப்பட்ட ஆலை உலையில் ஆயிரம் கருவிகளுக்கும் ஒரே கடினத்தை அளிக்க இயலும். சீனாவிலும் தைவானிலும் உயர்தரக் கருவிகள் செய்யப்படுகின்றன. விலைக்கேற்பவே தரம் கேட்கப்படுகின்றது.

எனவே தொலைவு மட்டுமே தரக்குறைவுக்குக் காரணம் என்று கூறுதல் பொருந்தாது. செய்தவருக்கும் பயன்படுத்துபவருக்கும் இடையிலிருந்த நேரடிப் பொறுப்பு அறுந்ததும், அதன் இடத்தைத் தரச்சான்றோ நம்பத்தகுந்த உத்தரவாதமோ நிரப்பாததுமே முதன்மைக் காரணங்கள் எனலாம்.

விளைவுகள்

மலிவான கருவியின் செலவு கடைவிலையோடு முடிவதில்லை. கூலிக்கு அறுப்பவர் தம் சொந்த அரிவாளையே கொண்டுசெல்வது வழக்கம். அது மழுங்கினால் அதிக உழைப்பும் குறைந்த அறுவடையும் அவருக்கே நேரும். அளவுக்கு மீறிக் கடினமாக்கப்பட்ட சுத்தியலின் முகத்திலிருந்து தெறிக்கும் சில்லு கண்ணைக் குருடாக்கக்கூடும். காம்புத் துளை சரியாக அமையாத சம்மட்டியின் தலை கழன்று பறந்தால் அருகில் நிற்பவருக்கு ஆபத்து.

தரத்தை அறியும் எளிய முறைகள்

1. கூரான அரத்தை வெட்டுமுனையில் தேய்த்துப் பார்க்கலாம். அரம் வெண்ணெயைப் போல் எளிதில் கடித்தால் பதம் இல்லை. சிறிதும் கடிக்காமல் வழுக்கினால் மிகைக் கடினம். அரிவாளுக்கு அரம் சிறிது தயங்கிக் கடிப்பதே ஏற்றது.
2. குறட்டின் இரு தாடைகளையும் வெளிச்சத்தில் மூடிப் பார்த்தால் இடைவெளி தெரியக்கூடாது.
3. சுத்தியலின் துளையில் காம்பு நேராகவும், ஆப்பு இறுகியும் இருத்தல் வேண்டும்.
4. உளியின் அடிபடும் தலை முனையை விட மென்மையாக இருத்தல் வேண்டும். தலை காளான் போல் விரிந்தால் விளிம்பைத் தேய்த்து நீக்கிய பின்னரே பயன்படுத்த வேண்டும்.

இன்றைய நிலை

உழுவுந்தும் அறுவடை இயந்திரமும் பரவியதால் ஏர்க்கொழு, அரிவாள் ஆகியவற்றின் தேவை குறைந்துள்ளது. கொல்லர் குடும்பங்களின் இளையோர் பலர் வேறு பணிகளுக்குச் செல்கின்றனர். மறுபுறம், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் மாநிலங்களைச் சேர்ந்த நாடோடிக் கொல்லர் குடும்பங்கள் தமிழ்நாட்டின் சாலையோரங்களில் உலை மூட்டி, வாங்குபவரின் கண்ணெதிரே அரிவாள் அடித்து விற்கின்றன.

2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட மைய அரசின் விசுவகர்மா திட்டத்தின் 18 தொழில்களுள் கொல்லுத்தொழிலும், சுத்தியல் மற்றும் கருவித்தொகுதி செய்தலும் இடம்பெற்றுள்ளன. குலத்தொழிலை வலியுறுத்துவதாகக் கூறி அதனை அப்போதைய வடிவில் செயல்படுத்த இயலாது என்று தமிழ்நாடு அரசு 2024இல் தெரிவித்தது. 2025இல் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. இத்தகைய திட்டங்கள் கடனும் பயிற்சியும் அளிக்கின்றன. ஆயினும் உருக்கின் வகையையும் கடினத்தையும் கருவியின் மீதே பொறிக்கும் வழக்கம் பரவினால்தான், வாங்குபவர் தரத்துக்கு விலை கொடுக்க முடியும்.

இவற்றையும் பார்க்க

- தகடூர்
- கொல்லர்
- வெப்பப் பதனிடல்
- உலகமயமாதல்