மழை மாதங்களில் வாட்டர் ஜெட் தொழிலுக்கு வேலை தேடுவது

பால்மரம் வெட்டியவர்களுக்கு வேலையில்லாத நாள் எப்படியிருக்கும் என்று நாம் சொல்லித் தரவேண்டியதில்லை. விடியற்காலையில் பெரட்டுக்குப் போகும்போது வானம் இருண்டிருந்தால் மனமும் இருண்டுவிடும். வெட்டுப்பட்டை நனைந்துவிட்டால் பால் மங்குக்கு வராமல் மரத்தைச் சுற்றி வழிந்து வீணாகும். மாசி பங்குனியில் மரங்கள் இலை உதிர்க்கும்போது பாலும் குறைந்துபோகும். அந்த நாட்களுக்காகத்தான் லயத்துக்குப் பின்னால் காய்கறி போட்டோம். கோழியும் ஆடும் வளர்த்தோம்.

இப்போது நம் பிள்ளைகளில் சிலர் தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்து, வாட்டர் ஜெட் இயந்திரம் ஒன்றை வாங்கி, வீட்டு முற்றம், மதில், கூரை ஆகியவற்றைக் கழுவிக் கொடுத்துப் பிழைக்கிறார்கள். சிறு முதலில் தொடங்கக்கூடிய நாணயமான தொழில். வெயில் மாதங்களில் கைபேசி ஓயாமல் ஒலிக்கும். அக்டோபர் பிறந்து மாலைதோறும் இடி இடிக்கத் தொடங்கியதும், “மழைதான் கழுவுகிறதே, பிறகு பார்க்கலாம் தம்பி” என்ற பதில் வரும். மோட்டார் சைக்கிள் தவணை மட்டும் பிறகு பார்க்கலாம் என்று சொல்வதில்லை.

பனி பெய்யும் நாடுகளில் இதே தொழிலைச் செய்பவர்களுக்கு நம்மைவிடக் கஷ்டம். அங்கே குளிர்காலத்தில் குழாய்க்குள் தண்ணீர் உறைந்து பம்பையே பிளந்துவிடும். ஆகவே அவர்கள் இயந்திரத்தை மூடிவைத்துவிட்டு, பாதையில் கிடக்கும் பனியை அள்ளுகிறார்கள். கிறிஸ்துமஸ் விளக்குகளைக் கட்டிக் கொடுக்கிறார்கள். இலை அடைத்த கூரைக் கால்வாய்களைச் சுத்தம் செய்கிறார்கள். வாடிக்கையாளர் அதே வாடிக்கையாளர்தான், வேலைதான் மாறுகிறது. நாமும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில் மழையைப் பற்றியே சற்று யோசிப்போம். மேற்குக் கரை மாநிலங்களில் ஏப்ரலிலும் அக்டோபரிலும், பருவக்காற்று மாறும் காலத்தில், இடி மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வருகிறது. காலை ஏழரைக்குத் தொடங்கினால் பன்னிரண்டுக்குள் ஒரு வீட்டு முற்றத்தை முடித்துவிடலாம். கிளந்தான், திரங்கானு, பகாங் கரையோரத்தில் நவம்பர் முதல் அடை மழை. அங்கே இந்தக் கணக்கு செல்லாது. இன்னொன்று: மழை அழுக்கைக் கழுவுவதில்லை, பாசியை வளர்க்கிறது. போர்ட்டிக்கோவில் பாட்டி வழுக்கி விழுந்த பிறகு கழுவச் சொல்லி என்ன பயன்? அதை வீட்டுக்காரருக்கு முன்கூட்டியே எடுத்துச் சொல்லலாம்.

கூரைக்கு அடியில் உள்ள வேலையை மழை தடுக்காது. கடைவீட்டு அஞ்சடி, அடுக்குமாடி வீடுகளின் கார் நிறுத்துமிடம், மார்க்கெட் தரை, உணவுக்கடையின் சமையல் கட்டு, கோயில் மண்டபம் எல்லாம் இருக்கின்றன. உணவுக்கடை வேலை இரவில் கடை மூடிய பிறகுதான் கிடைக்கும், தூக்கம் கெடும். ஆனால் மாதம் ஒருமுறை என்று பேசிவைத்தால் அது நிலையான வருமானம். எண்ணெய்ப் பிசுக்குக்கு வெறும் குளிர்ந்த தண்ணீர் போதாது. பிசுக்கு நீக்கும் மருந்தைத் தெளித்து ஊறவைத்த பிறகே பீய்ச்ச வேண்டும். பெட்ரோல் இயந்திரத்தை மூடிய இடத்துக்குள் ஓட்டக்கூடாது. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை, ஆளைக் கொன்றுவிடும். உள்ளே வேலை என்றால் மின்சார இயந்திரம்தான்.

மழைக்காலத்தின் சிறந்த வேலை எது என்று எங்களைக் கேட்டால், கூரையோரத் தகரக் கால்வாயைத்தான் சொல்லுவோம். இலை அடைத்தால் தண்ணீர் சுவருக்குள் இறங்கும். தேங்கினால் கொசு வளரும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீட்டில் கொசுக்குஞ்சு இருந்தால் சுகாதார அதிகாரி வீட்டுக்காரருக்கு அபராதம் விதிக்கலாம். இதைச் சொன்னால் பயமுறுத்துவதாக நினைக்கவேண்டாம், உண்மையைத்தான் சொல்லுகிறோம். இலையைக் கையால் அள்ளிச் சாக்கில் போட்டுவிட்டு, பிறகு குறைந்த விசையில் தண்ணீர் விட்டால் போதும். ஏணியின் மேல் நின்றுகொண்டு முழு விசையில் பீய்ச்சினால் துப்பாக்கிபோலப் பின்னுக்குத் தள்ளும். கீழே ஒருவர் ஏணியைப் பிடிக்க வேண்டும். இடி கேட்டால் இறங்கிவிட வேண்டும்.

பண்டிகை நாட்களை இப்போதே நாட்காட்டியில் குறித்துவையுங்கள். தீபாவளி அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள் வரும், மழையும் அப்போதுதான். நம்மவர்கள் மூன்று நாளுக்கு முன் கூப்பிட்டு எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள். ஆகவே ஒரு மாதம் முன்பே கேட்டுத் தேதி பிரித்துக்கொள்ள வேண்டும். சீனப் புத்தாண்டு ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் இடையில் வரும். சீனர்கள் புத்தாண்டன்று வீட்டைக் கூட்டமாட்டார்கள். அதற்கு முந்திய இரண்டு மூன்று வாரங்களில்தான் எல்லாச் சுத்தமும். டிசம்பரில் படுத்த தொழிலை நிமிர்த்தும் வாரங்கள் அவை.

வெள்ளம் வடிந்த பிறகு வரும் வேலையும் இருக்கிறது. 2014 டிசம்பரில் கிளந்தானிலும், 2021 டிசம்பரில் ஷா ஆலம் ஸ்ரீ மூடாவிலும் வீட்டுக்குள் புகுந்த சேற்றை அள்ளியவர்களுக்கு அதன் பாடு தெரியும். சேறு காய்ந்து இறுகுவதற்குள் கழுவ வேண்டும். வீட்டு மின்சாரத்தை எலெக்ட்ரீஷன் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை அந்த வீட்டு பிளக்கில் எதையும் சொருகவேண்டாம். எலி மூத்திரம் கலந்த தண்ணீரால் வரும் எலிக்காய்ச்சல் உயிரைக் குடிக்கும். பூட்ஸும் கையுறையும் இல்லாமல் இறங்காதீர்கள். கூலி விஷயத்தில், வழக்கமான கூலியே வாங்குங்கள். எல்லாம் இழந்து நிற்பவனிடம் இரட்டிப்புக் கேட்டவனை அந்தத் தாமான் பத்து வருடம் மறக்காது.

வேலையில்லாத நேரத்தில் எந்த வேலை வந்தாலும் ஒப்புக்கொள்ளத் தோன்றும். அங்கேதான் ஆபத்து. எங்களுக்குத் தெரிந்த ஒரு தம்பி, இரண்டு வாரம் சும்மா இருந்த பிறகு, பழைய லயத்துக் கூரையைக் கழுவ ஒப்புக்கொண்டார். அஸ்பெஸ்டாஸ் தகடு. அவர் மனைவிதான், “ஏங்க, வேணாங்க” என்று தடுத்தார். தடுத்தது நல்லது. மக்கிய அஸ்பெஸ்டாஸ் தகட்டில் விசைநீர் பட்டால் கண்ணுக்குத் தெரியாத நார்கள் கிளம்பும். அவற்றைச் சுவாசித்தால் பல வருடம் கழித்து நுரையீரல் புற்றுநோய் வரலாம். கழுவியவருக்கு மட்டுமல்ல, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும். தகடும் காலடியில் உடையக்கூடியது. பழைய சாம்பல் நிறத் தகடு என்றால் எந்தக் கூலிக்கும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதேபோல, நீர்த்தாரை விரலில் பட்டு ஊசி குத்தியதுபோல் சிறு துளை தெரிந்தால், பிளாஸ்திரி போட்டு வேலையைத் தொடராதீர்கள். உள்ளே சதை அழுகக்கூடும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், விசைநீர் புகுந்தது என்றே சொல்லுங்கள்.

வேலை கேட்பதற்குப் பெரிய விளம்பரம் தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். யார் வீடு, எந்தத் தேதியில் கழுவினோம், எவ்வளவு வாங்கினோம், அங்கே வேறென்ன பழுது கண்டோம் என்று எழுதிவைத்து, செப்டம்பரில் ஒவ்வொருவருக்காகப் பேசுங்கள். “அண்ணே, போன வருடம் முற்றம் கழுவினோம். மழைக்கு முன் கூரைக் கால்வாயைப் பார்த்துத் தரட்டுமா?” என்று கேட்டால் பலரும் வரச் சொல்வார்கள். தொழிலைப் பதிந்திருந்தால் கடைக்காரரும் கோயில் நிர்வாகமும் நம்பி ஒப்பந்தம் தருவார்கள். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 வெள்ளி, தொழிற்பெயரில் 60 வெள்ளிதான்.

பணக் கணக்கு வீட்டம்மாவின் கையில் இருப்பதே நல்லது என்பது எங்கள் எண்ணம். ஓர் உதாரணம் பாருங்கள். நல்ல மாதத்தில் செலவு போக 2,400 வெள்ளி, மழை மாதத்தில் 1,200 வெள்ளி, குடும்பச் செலவு 2,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மூன்று மழை மாதத்துக்கு 2,400 வெள்ளி குறையும். மற்ற ஒன்பது மாதமும் 270 வெள்ளி ஒதுக்கினால் அது சரியாகிவிடும். ஒதுக்கியதை வங்கியில் போடுங்கள். கூட்டு பிடிக்கவேண்டாம், 1971ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது, ஏமாந்தால் கேட்கவும் வழியில்லை. சுயதொழில் செய்பவர்களுக்கான 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெர்கேசோவில் சேர்ந்துகொண்டால், வேலையில் அடிபடும் நாளுக்கு உதவும்.

வேலை இல்லாத வாரங்களில் இயந்திரத்தையும் கவனியுங்கள். பெட்ரோல் வாரக்கணக்கில் கிடந்தால் காபுரேட்டரில் பிசின்போல் படிந்துவிடும், வடித்துவிட்டு வையுங்கள். பம்பு எண்ணெயை மாற்றி, குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். ஆனால் தண்ணீர் ஓடும்போது தடவாதீர்கள். நிறுத்தி, விசையை வெளியேற்றிய பிறகு.