மலை இறக்கத்தில் சைக்கிளும் குளிரும்

தில்லிக் குளிருக்குப் பழகிய நமக்கு நீலகிரிக் குளிர் எம்மாத்திரம் என்று தோன்றும். ஆனால் சைக்கிளில் போய்ப் பார்த்தால்தான் அதன் குணம் தெரியும்.

என் வீடு குன்னூரில், சுமார் 1,850 மீட்டர் உயரத்தில். ஜனவரி விடுமுறையில் போகும்போதெல்லாம் விடியற்காலையில் உதகைக்கு, அதாவது 2,240 மீட்டருக்கு, சைக்கிளில் ஏறுவேன். ஏறும்போது குளிர் தெரியாது. உடல் உழைக்கிறது, சட்டை வியர்வையில் நனைகிறது. திரும்பும்போதுதான் ஆபத்து. இறக்கத்தில் கால்களுக்கு வேலையில்லை. உடலில் புதிய சூடு பிறப்பதில்லை. வேகத்தால் எழும் எதிர்க்காற்றோ ஈரச் சட்டை வழியே இருக்கும் சூட்டையும் வாரிக்கொண்டு போகிறது. முதலில் மரத்துப்போவது விரல்கள். பிரேக் பிடிக்க வேண்டியவையும் அவைதாம்!

ஆகவே உதகையிலேயே நின்று, உலர்ந்த சட்டை மாற்றிக்கொள்ளுங்கள். சட்டைக்குள் மார்பின்மேல் பழைய செய்தித்தாளை மடித்து வைத்தால் காற்று உள்ளே புகாது. கம்பளிக் கையுறை அவசியம். வளைவு வருமுன்பே வேகத்தைக் குறையுங்கள். விரல் மரத்தால் இறங்கி, கைகளை அக்குளில் வைத்துச் சூடேற்றுங்கள். கால்மணி தாமதமானால் வீட்டில் காப்பி ஆறும்; அவ்வளவுதான்.