மெருகேறிய கல்லும் மெருகேற்றிய கையும்

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் கிருஷ்ணகிரிக்குக் கிழக்கே அமைந்த பர்கூர், மொத்த ஜவுளிக் கடைகளாலும் கிரானைட் தொழிலாலும் சிப்காட் தொழிற்பேட்டையாலும் அறியப்படுகிற ஊர். இவ்வட்டாரத்துக் குவாரிகளில் வெட்டியெடுக்கப்படும் கல் மெருகேறி, ஏற்றுமதி விளம்பரங்களில் ஒளி சிந்தும் படமாக அச்சாகிறது. அதை வெட்டியவரின் உருவமோ அடையாள அட்டைக்கு வெளியே எங்கும் பதிவாவதில்லை. இந்த இடைவெளியை நிரப்பவல்லது ஆவண ஒளிப்படம், அதாவது உண்மையில் நடந்ததை நடந்த இடத்திலேயே, நெடுநாள் பழக்கத்தின் வழியே பதிவுசெய்து பொதுமக்களின் பார்வைக்கு வைக்கும் கலை.

இப்பகுதி சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்த காலத்தில், 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாதுவருடப் பஞ்சத்தில் சேலமும் கடுமையாக அழிவுற்றது. அப்பஞ்சத்தைப் படமெடுத்தவர்களுள் முதன்மையானவர் ஆங்கிலேய ராணுவ அதிகாரி வில்லோபி வாலஸ் ஹூப்பர். கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, அது ஈரம் உலருமுன் படம் பதிக்கும் முறையே அன்று வழக்கில் இருந்தது. ஆகவே எலும்பும் தோலுமாயிருந்தவர்களை வரிசையாக அமரவைத்து, அசையாதிருக்கச் செய்துதான் அவர் படமெடுக்க வேண்டியிருந்தது. உதவாமல் படமெடுத்தார் என்ற கண்டனம் அக்காலத்திலேயே எழுந்தது. அப்படங்கள் இல்லையேல் பஞ்சத்தின் கொடுமை நமக்கு எண்களாக மட்டுமே எஞ்சியிருக்கும் என்பது உண்மை. ஆனால் அவற்றில் உள்ளவர்கள் பெயரின்றி, ஊரின்றி, பசியின் மாதிரிகளாகவே இன்றளவும் நூல்களில் அச்சாகி வருகிறார்கள் என்பதும் மறைக்கக் கூடாத உண்மை.

இதற்கு மாறான வழியை அமெரிக்காவில் லூயிஸ் ஹைன் காட்டினார். 1908 முதல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக நூற்பாலைகளையும் சுரங்கங்களையும் படமெடுத்த அவர், ஆலைக்குள் நுழைய வேறு வேடம் பூண்டார். தம் சட்டைப் பொத்தான்களை அளவுகோலாக்கிச் சிறுவரின் உயரத்தைக் கணித்தார். பெயர், வயது, வேலை நேரம் ஆகியவற்றைக் குறித்துவந்து படக்குறிப்பாகச் சேர்த்தார். அங்கே குழந்தை உழைப்பைக் கட்டுப்படுத்தும் கூட்டரசுச் சட்டம் நிலைபெற 1938 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு படம் உடனே உலகை மாற்றிவிடும் என்ற நம்பிக்கையைவிட, சான்றாக நின்று பல்லாண்டு வாதாடும் படத்தின் பொறுமையே மதிக்கத்தக்கது. உருவத்தோடு எழுத்தையும் சேர்த்துவைக்கும் வழக்கம் கிருஷ்ணகிரி மண்ணுக்கும் புதிதன்று: ஆநிரை மீட்டு இறந்த வீரனின் உருவத்தைச் செதுக்கி, அவன் யார், எந்தப் பூசலில் பட்டான் என்பதையும் பொறித்த நடுகற்கள் இம்மாவட்டம் எங்கும் நிற்கின்றன.

துயரத்தை அழகாகக் காட்டுவது தகுமா என்ற கேள்வி, உலகெங்கும் உடலுழைப்பாளரைப் படமெடுத்த பிரேசில் நாட்டு செபாஸ்தியாவோ சல்காதோவைத் தொடர்ந்து வந்தது. படத்தின் ஒளி, சட்டகம், இடைவெளி ஆகியவை மனிதரின் கண்ணையும் கையையும் நோக்கி நம்மை இழுக்குமானால், அந்த அழகு பாதிக்கப்பட்டவருக்குச் செய்யும் மரியாதையே. பார்ப்பவர் படத்தை மெச்சிவிட்டு மனிதரை மறக்கும்போதுதான் அது பழுதாகிறது.

தமிழகத்தில் இம்மரியாதையைத் தம் பணியின் அச்சாகக் கொண்டவர் மு. பழனிக்குமார். மதுரைப் பக்கம் மீன் விற்ற தாயின் மகனாகப் பிறந்த அவர், கையால் மலம் அள்ளும் கொடுமையைப் பற்றி திவ்யபாரதி இயக்கி 2017-இல் வெளிவந்த ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர்; பி. சாய்நாத் 2014-இல் தொடங்கிய பாரி என்னும் ஊரக ஆவணக் காப்பகத்தின் ஒளிப்படக் கலைஞராகவும் பணிபுரிகிறார். தயானிதா சிங்–பாரி ஆவண ஒளிப்பட விருது 2022-இல் முதன்முறையாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவரும் அவரே. ராமநாதபுரம் கடலில் பாசி எடுக்கும் பெண்களை அவர் எடுத்த படங்களில் இரக்கத்தை யாசிக்கும் முகம் இல்லை. தொழில் தெரிந்தவரின் உடல் திறம் இருக்கிறது. உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளின் கையில் கேமராவைக் கொடுத்து, அதைக் கையாளவும் அவர் கற்பித்தார். ஹூப்பருக்கும் இவருக்கும் இடையே கருவி மாறியது சிறிய மாற்றம். கருவியைப் பிடித்திருப்பவர் யார் என்பது மாறியதே பெரிய மாற்றம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கேழ்வரகு வயல்களும் அங்கு இரவில் இறங்கும் யானைகளும் பாரியின் பக்கங்களில் இடம்பெற்றுவிட்டன. ஆனால் பர்கூர்–ஓசூர்ப் பட்டையின் தொழில் வாழ்வு இன்னும் முறையாகப் பதிவாகவில்லை என்றே கூற வேண்டும். கல் அறுக்கும் பட்டறையின் தூசு நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் என்னும் ஆறாத நோயாகக்கூடியது. அது ஒருநாள் படப்பிடிப்பில் தெரியாது, ஒரே மனிதரை ஆண்டுதோறும் படமெடுப்பவருக்கே தெரியும். மாம்பழக் கூழ் ஆலைகளின் பருவகால வேலையும், மின்வாகன, மின்னணு ஆலைகளுக்குப் பேருந்தில் போய்வரும் இளம்பெண்களின் அன்றாடமும் அத்தகைய நீண்ட பார்வையையே கேட்கின்றன. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது கலந்து பேசப்படும் இவ்வட்டாரத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிகளிலும் பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியிலும் ஒளிப்படப் பயிற்சி கிடைத்து, அவர்கள் தம் வீட்டாரைத் தாமே எடுக்கும் படங்கள், பெயரும் வேலையும் ஊரும் எழுதிய குறிப்புகளோடு, நடுகற்களைக் காக்கும் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலேயே ஒரு பகுதியாக வைக்கப்பட வேண்டும்.