கைபேசி லூடோ: சிரிப்பும் சூதும்

2020 மார்ச் 20ஆம் திகதி ஊரடங்கு தொடங்கியபோது நான் வெள்ளவத்தையில், உம்மா கொட்டாஞ்சேனையில். இடையில் பத்துக் கிலோமீற்றர்கூட இல்லை. ஆனாலும் இரண்டு மாதம் முகம் பார்க்கவில்லை. இரவில் எங்களைச் சேர்த்து வைத்தது ‘லூடோ கிங்’. 2016இல் இந்தியாவில் வெளியான விளையாட்டு. அறை எண்ணை அனுப்பினால் குடும்பமே ஒன்றுகூடிவிடும்.

ரமழானில் சாச்சா கேட்டார்: “மகன், அது தாயக்கட்டைதானே?”

அவர் கேட்டது நியாயமே. பகடை ஆட்டத்தைக் கண்டிக்கும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. பந்தயம் இல்லாவிட்டாலும் பகடை கூடாது என்பதே பெரும்பாலான உலமாக்களின் கருத்து. திரையில் உருண்டாலும் அது பகடைதான்.

நாங்கள் கெரமுக்கும் சொற்புதிருக்கும் மாறினோம். பிறகுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. பகடையே இல்லாத பல விளையாட்டுகளில் ‘அதிசயப் பெட்டி’ விற்கிறார்கள். பணம் கட்டித் திறக்கும்வரை உள்ளே என்ன என்று தெரியாது. காசுக்கு விற்கும் இத்தகைய பெட்டிகள் சூதாட்டமே என்று பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணைக்குழு 2018இல் அறிவித்தது. அவர்கள் கண்டதை நாம் காணாமல் இருக்கலாமா?

பிள்ளையிடம் கைபேசியைக் கொடுக்குமுன் மூன்றைப் பாருங்கள். வெல்வது திறமையாலா, அதிர்ஷ்டத்தாலா? உள்ளே பணம் கேட்கிறதா? பாங்கு சொன்னால் நிறுத்த முடிகிறதா? ஒவ்வொரு கொள்வனவுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி பிளே ஸ்டோரிலும் மாற்றிவிடுங்கள்.

உம்மா இப்போது என்னைக் கெரமில் தோற்கடிக்கிறார். சிரிப்பு மட்டும் குறையவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.