சமோவருக்குள் ஒரு காசு

"ஜப்பானில் காப்பியைத் துணியில் வடிக்கிறார்களாமே, நிஜமா?" என்று திற்பரப்பிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நிஜம்தான். ஃபிளானல் துணிப்பையில் தூளைப் போட்டு, வெந்நீரை நூல் பிடித்ததுபோல் ஊற்றுவார்கள். டோக்கியோ கின்சாவில் 1948-இல் தொடங்கிய 'கஃபே த லாம்ப்ர்' இதற்குப் பேர்போனது. இத்தகைய பழைய காப்பிக்கடைகளுக்குக் 'கிஸ்ஸாதென்' என்று பெயர். சொல்லின் பொருள் என்னவோ தேநீர் குடிக்கும் கடை! துணி காய்ந்தால் அதிலுள்ள எண்ணெய் சிக்கு நாற்றம் எடுக்கும் என்று, கடை மூடியதும் தண்ணீரில் ஊறவைத்துக் குளிரில் வைக்கிறார்கள். நம் சாயாக்கடை அரிப்பு ஆணியில் தொங்கும்.

அரிப்பை விடுங்கள். குலசேகரத்தில் என்னைச் சொக்கவைத்தது சமோவர். நடுக்குழாயில் கரி எரியும், சுற்றிலும் தண்ணீர், அடியில் சாம்பல், பக்கத்தில் பைப்பு. 'தானே கொதிப்பது' என்பது அந்த ரஷ்யச் சொல்லின் பொருள். ரப்பர் வெட்டப் போகிறவர்கள் இருட்டோடு வந்து நிற்பார்கள். அதற்குள் தண்ணீர் தயாராக வேண்டும். கொதிக்காத வெந்நீரில் சாயம் இறங்காது.

மூடிய பாத்திரத்துக்குள் கொதிப்பது எப்படித் தெரியும்? உள்ளே ஒரு காசு கிடக்கும். கடைக்காரர் சேமிப்பை ஒளித்துவைத்திருக்கிறார் என்றே சின்ன வயதில் நினைத்தேன். கேட்டதற்கு, "வெள்ளம் கொதிச்சா அது விளிக்கும் மக்களே" என்றார்.

முதலில் அடியில் கிளம்பும் நீராவிக் குமிழிகள், மேலே வரும் வழியில் ஆறின தண்ணீர் பட்டு அமுங்கிப்போகும். 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் அதுதான். அப்போது காசு அசையாது. தண்ணீர் முழுக்க 100 டிகிரியை ஒட்டியதும் குமிழி அமுங்காது. காசுக்கு அடியில் ஆவி சேர்ந்து, ஒரு விளிம்பைத் தூக்கித் தப்பும், காசு விழும். மறுபடி தூக்கும், விழும். கிலுகிலு, கிலுகிலு. கஞ்சிப்பானை மூடி தாளம் போடுவதும் இதே கணக்கில்தான். சத்தம் நின்றால் கரி தணிந்துவிட்டது, அல்லது இப்போதுதான் பச்சைத்தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள்.

இப்போது கேஸ் அடுப்பு. பொடியைப் பாலோடு போட்டுக் கசக்கும்வரை கொதிக்கவிட்டு, பேப்பர் கப்பில் ஊற்றித் தருகிறார்கள். அதையும் சாயா என்கிறோம். பித்தளைச் சமோவர்கள் எடைக்குப் போயின. அண்மையில் ஒரு ஓட்டல் வரவேற்பறையில் ஒன்றைப் பார்த்தேன், பளபளவென்று, பிளாஸ்டிக் பூ செருகியிருந்தது. யாரும் பார்க்காதபோது பூவை எடுத்துவிட்டுக் கையை விட்டுத் துழாவினேன். உப்புப் படிவில் ஒட்டிக்கொண்டு காசு கிடந்தது. நகத்தால் சுரண்டியும் வரவில்லை.