கொல்லைப்புறம் – 6: தூசி கிளப்பியவரின் ஜன்னல்

கனெக்டிகட்டில் தன் குளக்கரையில் நின்ற ஒற்றை மரத்தை, எழுபத்தைந்து வயதைத் தாண்டியும் பருவம் தவறாமல் படம்பிடித்த எட்வர்டு ஸ்டைக்கனோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். இந்த வாரம் பிராக் நகரத்து ‘மாயத் தோட்டம்’ என்று அறிவிப்பும் வந்தது. அந்தத் தோட்டத்துக்குப் போகும் வழியில் ஒரு ஜன்னல் இருக்கிறது. அதைக் கடந்துபோக மனம் வரவில்லை.

ஜன்னல் யோசெஃப் சுதெக்குடையது. 1896இல் கோலின் என்ற ஊரில் பிறந்தவர். கற்றுக்கொண்ட தொழில் புத்தக பைண்டிங். முதல் உலகப் போரில் இத்தாலியப் போர்முனைக்குப் போனார். அங்கே பட்ட காயம் அழுகி, வலது கையைத் தோளோடு எடுக்க வேண்டியதாயிற்று. ஒற்றைக் கையால் புத்தகம் தைக்க முடியாது. மருத்துவமனை மாற்றி மருத்துவமனையாகச் சில ஆண்டுகள் கிடந்தவர், 1922இல் பிராக்கின் கிராஃபிக் கலைப் பள்ளியில் புகைப்படம் படிக்கச் சேர்ந்தார்.

1927இல் மாலா ஸ்த்ரானா பகுதியில், ஊயெஸ்த் தெருவில், அவருக்கு ஓர் இடம் வாடகைக்குக் கிடைத்தது. நாலாபுறமும் மாடி வீடுகள் சூழ்ந்த முற்றத்துக்குள் ஒரு மரக் கொட்டகை. அதுதான் ஸ்டூடியோ, அதுதான் வீடு. கொட்டகையை ஒட்டிச் சின்னத் தோட்டம். தோட்டத்தில் முறுக்கிக்கொண்டு வளர்ந்த ஒரு மரம். மரத்துக்குப் பின்னால் அண்டை வீடுகளின் சுவர்கள். கண்ணுக்கு எட்டியது அவ்வளவுதான்.

1939 மார்ச்சில் ஜெர்மானியப் படை பிராக்குக்குள் நுழைந்தது. முக்காலியும் பெரிய கேமராவுமாக ஊரைச் சுற்றுவது எளிதில்லாத காலம். மறு ஆண்டு, 1940இல், சுதெக் கேமராவைத் தன் ஜன்னல் பக்கம் திருப்பினார். ‘என் ஸ்டூடியோவின் ஜன்னல்’ என்று அந்தப் பட வரிசைக்குப் பெயர். போர் முடிந்தது, 1948இல் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தது, ஜன்னல் படங்கள் 1954 வரை வந்துகொண்டே இருந்தன.

இனி, இந்த வாரம் முழுக்க மனத்தை விட்டு அகலாத சங்கதிக்கு வருவோம்.

போர் முடிந்ததும் சுதெக்கிடம் உதவியாளராகச் சேர்ந்தவர் சோன்யா புல்லாட்டி. நாஜி முகாம்களிலிருந்து உயிரோடு மீண்ட இளம்பெண். 1947இல் அமெரிக்கா போய்விட்டார். பின்னால் சுதெக்கைப் பற்றி 1978இல் அருமையான நூல் ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் ஒரு சம்பவம் சொல்கிறார். பிராக் கோட்டையின் அடியில் பழங்காலத்து நிலவறைக் கூடம் ஒன்றில் இருவரும் கேமராவோடு காத்திருக்கிறார்கள். நேரம் போகிறது. திடீரென்று மேலிருந்து ஒரு வெயில் கீற்று இறங்குகிறது. உடனே இருவரும் துணிகளை எடுத்து வீசு வீசென்று வீசி, நூற்றாண்டுகளாகப் படிந்து கிடந்த தூசியைக் கிளப்புகிறார்கள். எதற்கு? வெளிச்சத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு.

இதைவிடச் சிறந்த புகைப்படப் பாடம் ஒன்று இருக்கும் என்று தோன்றவில்லை. சுத்தமான காற்றில் குறுக்கே போகும் வெளிச்சம் பக்கத்தில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. அது எதன் மேலாவது பட்டுச் சிதறி நம் பக்கம் திரும்பினால்தான் உண்டு. தியேட்டரில் புரொஜெக்டர் ஒளி தலைக்கு மேலே கற்றையாகத் தெரிந்ததெல்லாம் காற்றில் மிதந்த தூசியின் உபயம். சுதெக்குக்கு இது கைவந்த ஞானம். கூடத்தில் வெளிச்சத்துக்குத் தூசியைக் கொடுத்தார். ஸ்டூடியோவில் அந்த வேலையை ஜன்னல் கண்ணாடி செய்தது. கண்ணாடியின் மேல் என்ன படிய வேண்டும் என்பதைப் பருவம் தீர்மானித்தது.

அந்தப் படங்களைத் தோட்டத்துப் படங்கள் என்று சொல்லிவிடுகிறார்கள். வரிசையாக வைத்துப் பார்த்தால், பலவற்றில் தோட்டம் இரண்டாம் பட்சம். கண்ணாடிதான் கதாநாயகன். குளிர் தொடங்கியதும் உள்ளே வெதுவெதுப்பு, வெளியே சில்லிப்பு; அறையின் ஈரம் கண்ணாடியின் உள்பக்கம் ஆவியாகப் படிகிறது. மழைக்காலத்தில் ஜன்னல் மூடிய பஸ்ஸுக்குள் பிள்ளைகள் விரலால் பெயர் எழுதுவார்களே, அதே ஆவிதான். சுதெக்கின் படத்தில் அந்த ஆவிக்குப் பின்னால் மரம் கரைந்து, கிளை எது, சுவரின் நிழல் எது என்று பிரிக்க முடியாமல் நிற்கிறது. ஆவி கனத்ததும் துளிகள் சேர்ந்து கீழே வழிகின்றன. வழிந்த தடத்தில் மட்டும் கண்ணாடி தெளிந்து, அந்தக் கோட்டுக்குள் மரத்தின் ஒரு துண்டு கூர்மையாகத் தெரிகிறது. ஒரே படத்துக்குள் மங்கலும் துல்லியமும் அடுத்தடுத்து. இரண்டையும் பிரிப்பது ஒரு துளி நடந்த பாதை.

இன்னும் கிட்டப் போனால் இன்னொரு விந்தை. கண்ணாடியில் ஒட்டி நிற்கும் ஒவ்வொரு துளியும் ஒரு குட்டி லென்ஸ். வெளியே இருக்கும் காட்சி அதற்குள் தலைகீழாக விழும்: வானம் அடியில், தரை மேலே. மழை விட்ட பிறகு எந்த வீட்டு ஜன்னலிலும் இதைப் பார்க்கலாம். கண்ணைத் துளிக்கு ஒரு சாண் தூரம் கொண்டுபோனால் போதும்.

கடுங்குளிரில் கதையே மாறுகிறது. ஒற்றைக் கண்ணாடி ஜன்னலின் உள்பக்கம் சுழியம் டிகிரிக்குக் கீழே போனதும், அறையின் ஈரம் தண்ணீராகாமலே நேராகப் பனிக்கட்டியாகப் படிய ஆரம்பிக்கும். கண்ணாடியில் எங்கே கீறல் இருக்கிறதோ, எங்கே அழுக்கு ஒட்டியிருக்கிறதோ, அங்கிருந்து பனி கிளைவிடும். பெரணி இலைகளாக, இறகுகளாக அது கண்ணாடி முழுக்கப் படரும். குளிர்நாடுகளில் இப்போது இரட்டைக் கண்ணாடி ஜன்னல் வந்துவிட்டதால் உள்பக்கக் கண்ணாடி அவ்வளவு குளிர்வதில்லை. இந்தப் பனிப் பூக்களும் அபூர்வமாகிவிட்டன.

பனி என்றதும் வில்சன் பென்ட்லியைச் சொல்லாமல் விட முடியவில்லை. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், ஜெரிகோ என்ற ஊரின் விவசாயி. கேமராவையும் மைக்ராஸ்கோப்பையும் இணைத்து, கணப்பு இல்லாத கொட்டகையில் நின்று, 1885 ஜனவரி 15 அன்று ஒற்றைப் பனிப் படிகத்தின் தன் முதல் படத்தை எடுத்தார். கறுப்புப் பலகையை நீட்டி விழும் பனியைப் பிடிப்பார். மூச்சுக்காற்று பட்டால் படிகம் உருகிவிடும் என்பதால் மூச்சை அடக்கிக்கொள்வார். வாழ்நாளில் எடுத்த படங்கள் ஐயாயிரத்துக்கும் மேல். ஜன்னலில் படரும் பனியையும் அவர் விடவில்லை. 1931இல் அவருடைய படத்தொகுப்பு நூலாக வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் காலமானார். வீட்டை விட்டு நகராமல் ஒரு மனிதர் செய்த வேலை இது.

சுதெக்கிடம் திரும்புவோம். 1940 அவருக்கு இன்னொரு வகையிலும் திருப்பம். 1900ஆம் ஆண்டு வாக்கில் எடுத்த ஒரு புகைப்படத்தை அவர் அந்த ஆண்டில் பார்த்தார். பிரான்ஸின் ஷார்த்ர் தேவாலயத்துச் சிலை ஒன்றின் படம், 30க்கு 40 சென்டிமீட்டர் அளவு. அது காண்டாக்ட் பிரின்ட் என்று தெரிந்ததும் அசந்துபோனார். அதன் பிறகு நெகட்டிவைப் பெரிதாக்கி அச்சிடும் வழக்கத்தையே விட்டுவிட்டார்.

காண்டாக்ட் முறை எளியது. போட்டோ காகிதத்தின் மேல் நெகட்டிவைப் படிய வைத்து, மேலே கண்ணாடி வைத்து அழுத்தி, வெளிச்சம் காட்டுவது. இடையில் லென்ஸ் கிடையாது. அதனால் நெகட்டிவில் இருக்கும் சாம்பல் நிறத்தின் அத்தனை படிகளும் சேதாரமில்லாமல் காகிதத்துக்கு இறங்கும். ஆவி படிந்த கண்ணாடியை எடுப்பவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆவி என்பதே முழுக்கச் சாம்பல் நிறம்தான். ஆனால் ஒரு நிபந்தனை: நெகட்டிவ் எந்த அளவோ, படமும் அந்த அளவு. பெரிய படம் வேண்டுமென்றால் பெரிய கேமராவையே தூக்க வேண்டும். ஒற்றைக் கை மனிதர் அதைத்தான் செய்தார். மடியில் கேமராவை இருத்தித் திருகுவார். இடது கை போதாத இடத்தில் பல்லால் கடித்துப் பிடிப்பார்.

இப்படி வேலை செய்பவரால் அவசரப்பட முடியாது. ஒரே மரத்தை அத்தனை ஆண்டுகள் எடுத்தும் அவருக்கு அலுக்காததற்கு இந்த நிதானமும் ஒரு காரணம் என்றே சொல்லத் தோன்றுகிறது. ஒரு படத்துக்கான ஏற்பாடு முடிவதற்குள் ஆவி கலைந்து, துளி இடம் மாறி, எடுக்க நினைத்த ஜன்னல் வேறு ஜன்னலாகியிருக்கும்.

வெளியூர் போனால் என்ன ஆகும் என்பதையும் அவர் பார்த்துவிட்டவர். 1926இல் செக் இசைக்குழு நண்பர்களோடு இத்தாலி போனார். ஒரு கச்சேரியின் நடுவே எழுந்து போய்விட்டார். தேடித் தேடி, தான் அடிபட்ட இடத்தைக் கண்டுபிடித்தார். போன கை அங்கே இருக்குமா என்ன? இரண்டு மாதம் கழித்துத்தான் பிராக் திரும்பினார். அத்தோடு நெடும் பயணங்களுக்கு முழுக்கு. இதையும் புல்லாட்டியின் நூல்தான் சொல்கிறது. இதைப் படித்துவிட்டு ஜன்னல் படங்களைப் பார்க்கும்போது, அவற்றில் இருக்கும் அமைதி சும்மா கிடைத்ததில்லை என்று புரிகிறது.

ஜன்னல் விளிம்பும் அவருக்கு மேடைதான். தண்ணீர் நிறைந்த கண்ணாடித் தம்ளர், முட்டை, ரொட்டித் துண்டு என்று கைக்குக் கிடைத்ததை அதில் வைத்தார். 1956இல் எடுத்த ‘கடைசி ரோஜாக்கள்’ படத்தில் தம்ளரில் ரோஜாக்கள். பின்னால் மழைத்துளி பூத்த கண்ணாடி. வரிசை 1954இல் முடிந்ததாகச் சொன்னாலும் ஜன்னல் அவரை விடவில்லை என்பதற்கு அந்தப் படமே சாட்சி.

1959இல் கோட்டைப் பக்கம் ஊவோஸ் தெருவுக்குக் குடிபெயர்ந்தார், கொட்டகையையும் கைவிடவில்லை. 1976இல், எண்பதாவது வயதில், மறைந்தார். 1985இல் கொட்டகை தீக்கிரையானது. 2000இல் அதே இடத்தில் அதே வடிவில் கட்டி எழுப்பினார்கள். இப்போது அது புகைப்படக் காட்சிக்கூடம். பிராக் போகிறவர்கள் ஊயெஸ்த் தெருவில் முற்றத்துக்குள் நுழைந்து பார்க்கலாம்.

மாயத் தோட்டம் அடுத்த வாரம். அது சுதெக்கின் நண்பர் ஓட்டோ ரோட்மயருடையது. பிராக் கோட்டையின் சீரமைப்பில் யோஷெ பிளெச்னிக்கோடு வேலை பார்த்த கட்டடக் கலைஞர். பிரெவ்னோவில் அவர் வீட்டுத் தோட்டத்தில் சுதெக் எடுத்த படங்களில் வெள்ளை நாற்காலிகள் அடிக்கடி வருகின்றன. அவற்றில் ஆள் யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. ஏன் என்பதை அங்கிருந்தே தொடங்கலாம்.