பழைய காரின் மரவேலை

இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரில் 1959 முதல் 1967 வரை செய்யப்பெற்ற ஜாகுவார் மார்க் 2 காரின் முகப்புப் பலகை, முழுவதும் வால்நட் மரம் போலத் தோன்றும். உண்மையில் நாம் காண்பது, அடிப்பலகைமேல் ஒட்டிய ‘வெனீர்’ என்னும் மர ஏடே. அதன் கனம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு.

பல்லாண்டு வெயிலும் ஈரமும் பட்டு அதன் வார்னிஷ் வெடிக்கும். உடனே பலகையையே மாற்ற முற்படுவர். பள்ளியில் பழைய நூல்களுக்கு அட்டை மாற்றிப் பழகியவன் நான். அட்டை நைந்ததற்காக நூலை எறிவதுண்டோ? பெரும்பாலும் கெட்டது பூச்சே, மரமன்று. பூச்சைக் கரைக்கும் கரைசலைத் தடவி, மழுங்கிய தகட்டால் மெல்ல வழித்தெடுக்கலாம். அவசரப்பட்டு உப்புத்தாளால் அழுத்தித் தேய்த்தாலோ, ஏடு தேய்ந்து அடிப்பலகை தலைகாட்டிவிடும். போன ஏடு போனதுதான்.

ஏடு உரிந்து உடைந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். ஒரே கட்டையிலிருந்து அடுத்தடுத்துச் சீவிய ஏடுகளில் ரேகைகள் ஏறக்குறைய ஒத்திருக்கும். அவற்றுள் இரண்டைப் புத்தகம் விரித்தாற்போல் இணைத்தால், வலப்புறம் இடப்புறத்தின் கண்ணாடி நிழலாகும். ஒரு துண்டை மட்டும் புதிதாக்கினால், பட்டு வேட்டியில் வேற்றுத்துணி ஒட்டியதுபோல் அது தனித்து நிற்கும். ஆதலின் எல்லாப் பலகைகளுக்கும் ஒரே கட்டையின் ஏடுகளை வாங்குவதே நன்று என்பேன். பழைய பலகையை எறிந்துவிடலாகாது; கருவிகளைப் பொருத்தும் துளைகளுக்கு அதுவே அளவு.